வெளியே நிற்பவர்களுக்கு ஓர் இடம்

ஜூன் 9

மதிப்பிற்குரிய அம்மையீர்,

எங்கள் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புகள், எண்பத்து மூன்று பிள்ளைகள், என்னையும் சேர்த்து மூன்று ஆசிரியைகள். கட்டடம் என்று இருந்தது ஒரே ஒரு நீளக் கூடம். கரும்பலகைகளைக் குறுக்கே நிறுத்தி அதை ஐந்தாகப் பிரித்து வைத்திருந்தோம். போன மழையில் கூரையின் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. விடுமுறை நாள் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து சந்தைக்குப் பின்னால் ஒரு மூட்டைக் கிடங்கில் பள்ளி நடக்கிறது.

புதிய கட்டடத்துக்குக் கல்வி அலுவலகம் இடம் ஒதுக்கியிருக்கிறது. அவர்களிடம் தயாராக ஒரு வரைபடமும் இருக்கிறது. எல்லா ஊருக்கும் அதேதான்: வரிசையாக ஆறு அறை, முன்னால் ஒரு நடை, நடை முழுக்க இரும்புக் கம்பி. கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்குப் போக எனக்கு மனமில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதிகாரி சிரித்தார். "அப்ப நீங்களே வரைஞ்சு கொண்டாங்க மேடம்" என்றார். பதிவு பெற்ற வடிவமைப்பாளர் ஒருவரின் கையெழுத்தோடு செப்டம்பர் முடிவதற்குள் வரைபடம் கொடுக்க வேண்டும். தவறினால் ஒதுக்கீடு வேறு ஊருக்குப் போய்விடும். பிள்ளைகளை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரண்டு பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். அவசரப்பட்டு வாயைக் கொடுத்தவள் நான். மாட்டிக்கொண்டது பிள்ளைகள்.

எனக்குத் தெரிந்த வடிவமைப்பாளர் நீங்கள் ஒருவர்தான். இன்னொருவர் தெரிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். போனில் பேசினால் பழைய பேச்சு வரும் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தலைமை ஆசிரியை

பி.கு. இது பள்ளி விஷயம் மட்டும்தான். அண்ணன் இறந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நீங்களும் எழுத வேண்டாம், அண்ணி.


ஜூன் 21

தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

வரைந்து தருகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் இதுவரை பள்ளிக்கூடம் எதையும் கட்டியதில்லை. அலுவலகங்கள் கட்டியிருக்கிறேன். பிறகு வாகன நிறுத்தங்கள், நான்கு மாடியும் ஐந்து மாடியுமாக. ஒரு காருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு குழந்தைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரியாது. எங்கள் வீட்டில் குழந்தை வளரவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

மனையின் நீள அகலம், காலையில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, வெட்டக் கூடாத மரம் ஏதும் உண்டா, இவற்றை எழுதி அனுப்புங்கள்.

நான் இப்போது அலுவலகம் போவதில்லை. வேலையெல்லாம் வீட்டிலிருந்துதான். சாப்பாட்டு மேஜையிலேயே வரைகிறேன். ஒருத்திக்கு இரண்டு மேஜை எதற்கு? அதனால் பதில் எந்த நேரத்தில் வந்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும்.

உங்கள் நிபந்தனை எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
வடிவமைப்பாளர்


ஜூலை 14

அம்மையீர்,

வரைபடம் வந்தது. கிடங்கில் இரண்டு மூட்டைகளைச் சேர்த்துப் போட்டு விரித்துப் பார்த்தோம். நான்காம் வகுப்பு ஆசிரியை, "எவ்ளோ அழகா இருக்கு டீச்சர்! ஓட்டல் மாதிரியே இருக்கு" என்றாள். பிரச்சினையே அதுதான்.

ஜன்னல்கள் மூன்றடி உயரத்தில் தொடங்குகின்றன. முதல் வகுப்புப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துதான் எழுதுவார்கள். அங்கிருந்து பார்த்தால் வானம் மட்டும்தான் தெரியும். மேகம் பார்க்க யாரும் பள்ளிக்கூடம் வருவதில்லை.

கழிப்பறையை மனையின் கடைசி மூலையில் வைத்திருக்கிறீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது அடுத்த ஊர். அவ்வளவு தூரம் தனியாகப் போகப் பயந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிறகு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் மேஜையில் எப்போதும் இரண்டு மாற்று உடை இருக்கும்.

ஐந்து வகுப்புக்கு மூன்று பேர் என்று எழுதியிருந்தேன். நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. அறைகளுக்கு நடுவில் முழுச் சுவர் எழுப்பினால் நான் ஒரு வகுப்பில் இருக்கும்போது பக்கத்து வகுப்பு என்ன செய்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? சத்தம் கேட்கும். சத்தம் கேட்கும் வரை கவலையில்லை. சத்தம் நின்றால்தான் ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். "பள்ளிக்கூடம் வரையறவங்களுக்கு நம்ம அளவு தெரியாதாம்" என்றதும், "நாமளே அனுப்பலாம் டீச்சர்" என்றார்கள். இத்துடன் நூல் கட்டு ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு நூலிலும் ஒரு அட்டை கட்டியிருக்கிறது. "முதல் வகுப்பு, உட்கார்ந்தால் கண்." "இரண்டாம் வகுப்பு, எட்டினால் கை." இப்படி நாற்பத்தொரு நூல்கள். "கோபம் வந்தால்" என்று ஒன்று இருக்கும், மிகவும் நீளமாக. அதை மட்டும் விட்டுவிடலாம்.

தலைமை ஆசிரியை


ஜூலை 29

தலைமை ஆசிரியைக்கு,

நூல்கள் வந்து பத்து நாள் ஆகிறது. கூடத்துச் சுவரில் வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறேன். வேலை செய்யும்போது நிமிர்ந்தால் நாற்பத்தொரு பேர் சுவரோரம் நிற்பது போல இருக்கிறது. இந்த வீட்டில் இவ்வளவு கூட்டம் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒருநாள் அவர்களிடம் வாய்விட்டு, "சும்மா நிக்காதீங்க, ஏதாவது சொல்லுங்க" என்றுகூடச் சொன்னேன். சிரிக்காதே.

"உட்கார்ந்தால் கண்" என்ற நூலை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வீட்டைப் பார்த்தேன். எல்லாமே வேறாக இருந்தது. அலமாரிக்கு அடியில், மூன்று வருடமாக என் கண்ணில் படாத ஒரு பொருள் கிடந்தது. அது என்னவென்று எழுத மாட்டேன். நிபந்தனை இருக்கிறது.

முழுவதும் மாற்றி வரைந்திருக்கிறேன். ஜன்னல்கள் ஒன்றரை அடியில் தொடங்குகின்றன. கழிப்பறை முதல் இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் வந்துவிட்டது. அறைகளுக்கு இடையில் மடக்குக் கதவுகள். கதவு மடங்கும் இடத்தில் ஆசிரியை உட்கார்ந்தால் இரண்டு வகுப்பும் கண்பார்வையில் இருக்கும். நூலகத்துக்குத் தெருப்பக்கம் தனி வாசல் ஒன்று வைத்திருக்கிறேன். பள்ளி விட்ட பிறகு ஊர்க்காரர்கள் வந்து போகலாம். மழைச் சத்தத்தில் பாடம் நின்றுவிடக் கூடாது என்பதால் தகரம் போடவில்லை, ஓடுதான். நூலகப் பரணுக்கு ஏறும் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பிள்ளை மட்டும் நுழைந்து உட்காரும்படி ஒரு மாடம் விட்டிருக்கிறேன். அழுகை வந்தால் போய் உட்கார ஓர் இடம் வேண்டும் அல்லவா? பெரியவர்களுக்கு யாரும் அப்படிக் கட்டித் தருவதில்லை.

வேறு என்ன விட்டுப்போயிருக்கிறது, வாத்தி?

இந்தப் பெயரை அடிக்க நினைத்தேன். மையில் எழுதிவிட்டேன். உன் அண்ணன் உன்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மூன்று வயதிலேயே தலையணைகளுக்குப் பாடம் நடத்தியவளாம் நீ. நிபந்தனையை மீறியதற்கு மன்னிக்கவும்.

அண்ணி


ஆகஸ்ட் 10

அண்ணி,

இந்த வரைபடம் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது. அதிகாரி ஜன்னலைப் பார்த்து, "இவ்ளோ தாழ்வா வச்சா பசங்க எகிறி குதிச்சிட மாட்டாங்களா?" என்றார். "குதிச்சா பள்ளிக்கூடத் தோட்டத்துலதான் சார் விழுவாங்க. கதவு வழியா மறுபடியும் வருவாங்க" என்றேன்.

ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போக வருகிறவர்கள் அரை மணி நேரம் முன்பே வந்துவிடுவார்கள். வெயிலில் சுவரோரம் நிற்பார்கள். உள்ளே வந்து உட்காரச் சொன்னால் கூச்சப்படுவார்கள். பாதிப் பேர் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததே இல்லை. அவர்களில் ஒருத்தி தையல் வேலை செய்கிறவள். தினமும் கிடங்குக் கதவின் ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பாள். "என்னம்மா பாக்கறே?" என்று ஒருநாள் கேட்டேன். பதறிப்போய், "ஒண்ணுமில்ல டீச்சர். எம் பொண்ணு எந்தப் பக்கம் உக்காந்திருக்கான்னு தெரிஞ்சா போதும்" என்றாள்.

உங்கள் கோடு பள்ளி வாசலோடு நின்றுவிடுகிறது. வெளியே நிற்பவர்களையும் சேர்த்து வரையுங்கள், அண்ணி.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தான். எனக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. "உங்கிட்ட சொல்ல வேணாம்னு அவரேதான் சொன்னார்" என்றீர்கள். உங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன். அவன் முகத்தைப் பார்க்கக் கூடாத அளவுக்கு நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் வேலைக்குப் போன புதிதில் ஒருமுறை மூன்று மாதம் பேசாமல் இருந்தேன். அதுவா? கல்யாணம் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தேனே, அதுவா? பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே இதையும் யோசிப்பேன். இதில் விடை வருவதில்லை.

இப்போது நானே நிபந்தனையை மீறிவிட்டேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

தலைமை ஆசிரியை


ஆகஸ்ட் 19

வாத்திக்கு,

பதில் வேண்டாம் என்கிறாய். ஆனால் பதில் இருக்கிறது.

அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

சேர்த்த அன்றே, "வாத்திக்குச் சொல்லிடு" என்றார். சரி என்றேன். மறுநாள், "சொல்லிட்டியா?" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். சொல்லவில்லை.

மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அதிகம் போனால் இரண்டு வாரம் என்று சொல்லியிருந்தார். நீ வந்தால் அவர் உன் அண்ணனாகிவிடுவார். நீங்கள் இருவரும் பேச ஆரம்பித்தால் அதில் நான் பார்க்காத வீடு, எனக்குத் தெரியாத தெரு, நான் இல்லாத இருபது வருடம். நான் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பேன். எப்போதும் அப்படித்தான் நடக்கும். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த நாட்களை யாருக்கும் பங்கு கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். சொல்லக்கூடிய நாள் தீர்ந்துபோயிற்று.

பிறகு நீ என் சமையலறை வாசலில் நின்று, "ஏன் அண்ணி சொல்லல?" என்று கேட்டாய். வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். உன்னை வெளியே நிறுத்தியது அவர் அல்ல. நான்.

நீ ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கணக்கை இனிமேல் போடாதே.

புதிய தாள் இணைத்திருக்கிறேன். தெருப்பக்கச் சுவரை உள்ளே தள்ளி, கூரையை வெளியே இழுத்திருக்கிறேன். அதன் கீழே சுவர் நீளத்துக்கும் ஒரு கல் பெஞ்சு. பெஞ்சுக்குப் பின்னால், உட்கார்ந்து திரும்பினால் வகுப்பு தெரியும்படி ஜன்னல்கள்.

அண்ணி


செப்டம்பர் 16

வாத்திக்கு,

தாள்கள் திரும்பி வந்தன. உள்ளே கடிதம் இருக்கும் என்று உறையை இரண்டு முறை உதறிப் பார்த்தேன்.

சிவப்பு மையில் நோட்டுத் திருத்துவது போலத் திருத்தியிருக்கிறாய். தாழ்ப்பாள் பக்கத்தில் "உயரம் தப்பு". கை கழுவும் தொட்டிக்கு "இன்னும் தாழ்வாக". கல் பெஞ்சுக்கு ஒரு டிக். கடைசித் தாளின் கீழே "சரி" என்று எழுதித் தேதி போட்டிருக்கிறாய். எல்லாவற்றையும் மாற்றி, கையெழுத்திட்டு, நேற்று கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். தபால் ரசீதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

என் வீட்டு அழைப்பு மணியை அடிப்பவர் தபால்காரர் ஒருவர்தான். இனி அவருக்கும் அதிகம் வேலை இருக்காது. கட்டட வேலையில் சந்தேகம் எது வந்தாலும் மேஸ்திரியை விட்டு எழுதச் சொல். நீ எழுத வேண்டியதில்லை.

அண்ணி


ஜூன் 27

வடிவமைப்பாளர் அவர்களுக்கு,

ஒன்பது மாதமாக மேஸ்திரியின் கையெழுத்தில் என் சந்தேகங்களைப் படித்திருப்பீர்கள். அவருக்கு எழுத்துப்பிழை அதிகம். மன்னிக்கவும்.

இந்த மாதம் மூன்றாம் தேதி பள்ளி திறந்துவிட்டது. எண்பத்து மூன்று பேர் இருந்தோம், இப்போது தொண்ணூற்றாறு. ஜன்னல் வழியாக இதுவரை யாரும் குதிக்கவில்லை, என்னைத் தவிர. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன்.

கல் பெஞ்சில் முதல் வாரம் ஒருவரும் உட்காரவில்லை. அது வாத்தியார்களுக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு அந்தத் தையல்காரி வந்து ஓரமாக உட்கார்ந்தாள். அடுத்த நாள் கையில் துணியோடு வந்து கரை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இப்போது இடம் பிடிக்கச் சண்டை நடக்கிறது. போன வாரம் இரண்டாம் வகுப்பு ஏழாம் வாய்ப்பாடு சொல்லும்போது வெளியிலிருந்தும் குரல் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவார்கள்.

மாடத்தில் இதுவரை எந்தப் பிள்ளையும் போய் அழவில்லை. கூழாங்கல் மாற்றிக்கொள்ளும் கடையாக்கிவிட்டார்கள். நான் ஒரு தடவை போனேன், எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு. தலை இடித்தது.

மூன்றாம் வகுப்பில் இரண்டு கூரைகளும் சேரும் இடத்தில் ஒழுகுகிறது. "வரைபடத்துலயே தப்பு டீச்சர்" என்கிறார் மேஸ்திரி. கட்டிக் கொடுத்துவிட்டு எட்டிக்கூடப் பார்க்காமல் இருப்பது முறையல்ல. வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இங்கேதான் இருப்பேன். வீட்டில் இருந்தாலும் தனியாகத்தான் இருக்க வேண்டும்.

தலைமை ஆசிரியை


ஜூலை 20

அண்ணி,

நீங்கள் வந்துவிட்டுப் போன பிறகு இரண்டு மழை பெய்தது. மூன்றாம் வகுப்பில் ஒரு சொட்டு விழவில்லை. "அந்தம்மா வந்ததும் வராததுமா ஏணியைப் போட்டு மேல ஏறிட்டாங்க டீச்சர்!" என்று மேஸ்திரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தப்பு அவருடையது என்பதை மட்டும் சொல்வதில்லை.

இரண்டு நாளும் நாம் ஓட்டையும் சாரலையும் பற்றியே பேசினோம். கிளம்புவதற்கு முன்னால், அந்தச் சாயங்காலம், பெஞ்சில் உட்கார்ந்து பதினோரு நாளையும் ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. நீங்களாகவே சொன்னீர்கள். நானும் குறுக்கே பேசவில்லை.

ஆறாம் நாளுக்கு அடுத்து எட்டாம் நாளைச் சொன்னீர்கள். நான் தினமும் வருகைப் பதிவேடு வாசிக்கிறவள், அண்ணி. ஒரு பெயர் விட்டுப்போனால் காதுக்குத் தெரிந்துவிடும். அங்கேயே கேட்டிருக்கலாம். உங்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உங்கள் முகமும் கேட்கும்படி இல்லை.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். அது எனக்கு வருமா என்று தெரியவில்லை. ஆனால் அந்த ஏழாம் நாள் என்னுடையதும்தான். எழுதி அனுப்புங்கள்.


ஆகஸ்ட் 2

வாத்திக்கு,

ஏழாம் நாள் அவர் நன்றாக இருந்தார். அதனால்தான் சொல்ல முடியவில்லை.

காலையில் தானாகவே எழுந்து உட்கார்ந்தார். காய்ச்சல் இல்லை. "இன்னிக்கு வாத்தி வந்துடுவாளா?" என்றார். முந்தைய ஆறு நாளும் உனக்குத் தேர்வு, உனக்கு ஆய்வு என்று ஏதேதோ சொல்லி வந்தேன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் வேறு சொல்ல வரவில்லை. "வந்துக்கிட்டிருக்கா. பஸ் ஏறிட்டா" என்றேன்.

"அப்ப ஷேவ் பண்ணி விடு. இந்த மூஞ்சியோட பாத்தா திட்டுவா" என்றார்.

நான்தான் செய்துவிட்டேன். தாடையில் ஓரிடத்தில் கீறிவிட்டது. மருத்துவமனை உடுப்பு வேண்டாம் என்று நீலச் சட்டையை எடுக்கச் சொன்னார். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, கதவைப் பார்க்கும்படி உட்கார்ந்துகொண்டார். பதினோரு மணியிலிருந்து நான்கு மணிவரை அப்படியே இருந்தார். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்தார். ஒரு தடவை செவிலி, ஒரு தடவை துடைப்பம் வைத்திருந்தவர், ஒரு தடவை பக்கத்துக் கட்டில்காரரின் மகள். நான் வெளியே போய் உனக்குப் போன் செய்திருக்கலாம். அப்போதும்கூட நேரம் இருந்தது. எழுந்தேன். மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு மணிக்கு, "பஸ் லேட்டு போல" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "சட்டையைக் கழட்டிடு, கசங்குது" என்றார்.

அதற்குப் பிறகு உன்னைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். தெரிந்தும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீதி நான்கு நாளும் என் கையைப் பிடித்தபடி இருந்தார். நான் யாருக்கும் பங்கு கொடுக்காமல் வைத்துக்கொண்டது அதைத்தான்.

அண்ணி


ஆகஸ்ட் 13

அண்ணி,

கடிதத்தைக் கணக்குப் பாடத்தின் நடுவில் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிரிக்காமல் மேஜையில் வைத்துவிட்டு, வகுத்தலை முடித்த பிறகு படித்தேன். படித்ததும் நான்காம் வகுப்பு ஆசிரியையிடம் மணியையும் சாவியையும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவன் போனபோது நான் உங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலையில் பள்ளி மணியை நான்தான் அடித்தேன். பார்க்க விரும்பாதவனுக்காக எதற்கு உட்கார்ந்து அழ வேண்டும் என்று வீம்பு. அழவும் இல்லை.

இப்போது உங்களை நேரில் பார்க்க என்னால் முடியாது. உங்கள் பக்கத்தில் உட்காரவும் முடியாது. ஆனால் கடிதம் போடுவதை நிறுத்திவிடாதீர்கள். அவனைத் தெரிந்த ஆள் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? உங்களுக்கும்தான் யார் இருக்கிறார்கள்?

மூன்று நாள் விடுப்புக்கு விண்ணப்பம் அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் "அண்ணன் மரணம்" என்று எழுதினேன். கல்வி அலுவலகத்திலிருந்து எழுத்தர் போன் செய்தார்.

"மேடம், இறந்த தேதி எழுதாம விட்டுட்டீங்களே."

சொன்னேன். அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"இது நாலு வருஷத்துக்கு முந்தின தேதி மேடம். தப்பா சொல்றீங்களா?"

"இல்ல சார், சரிதான். எனக்கு இப்பதான் தகவல் வந்துச்சு."

"சரி மேடம், போட்டுடறேன்" என்றார்.

மூன்று நாளில் இன்று இரண்டாம் நாள்.